வாபரின் குளிசை தொடங்கினவைக்கு: காலில ரத்தம் உறைஞ்ச பிறகு வன்னியில இருந்து சமாளிக்கிற முறை

கால் நாளத்துக்குள்ள ரத்தம் உறைஞ்சு, வாட்டில படுத்து எழும்பி, ரத்தம் உறையிறதை மறிக்கிற வாபரின் குளிசை ஒரு என்வலப்போட வீட்ட வாற ஆக்களுக்கும் அவையைப் பாக்கிற வீட்டுக்காரருக்கும் எழுதுறன். நானும் இந்தக் குளிசையோடதான் சீவிக்கிறன். கிளினிக் வாங்கில இருந்து புதுசா வாறவையோட கதைச்சுப் பாத்ததில எல்லாரும் தடுமாறுற இடம் கிட்டத்தட்ட ஒண்டுதான், குளிசையை ஒழுங்காப் போட்டாக் காணும் எண்டு நினைக்கினம். குளிசை போடுறது பாதி வேலை. அது உங்கட ரத்தத்தில எவ்வளவு வேலை செய்யுது எண்டு அளந்து பாத்துக்கொண்டே இருக்கிறது மற்றப் பாதி. துணுக்காயிலயோ ஒட்டுசுட்டானிலயோ இருக்கிற ஆளுக்கு அந்த அளக்கிற இடம் பக்கத்தில இல்ல, அதால எதை முதல்ல செய்யிறது எதைப் பேந்து செய்யிறது எண்ட ஒழுங்கு எங்களுக்குக் கூட முக்கியம்.

குளிசை எத்தினை மில்லிகிராம் எண்டதை மட்டும் நான் சொல்ல மாட்டன், அது உங்கட டொக்டர் உங்கட ரத்தத்தைப் பாத்துச் சொல்லுறது, ஒருத்தற்ற அளவு மற்றவருக்குச் சரிவராது.

1. எப்ப ஓட வேணும் எண்டதை முதல்ல பாடமாக்குங்கோ

காலில உறைஞ்சதில ஒரு துண்டு கழண்டு மேல போய் நுரையீரலை அடைச்சா அதுதான் உயிராபத்து. திடீரெண்டு மூச்சு வாங்கிறது, மூச்சை இழுக்கேக்க நெஞ்சில குத்துறது, இருமேக்க ரத்தம் வாறது, தலை சுத்தி விழுறது. இதில ஒண்டு வந்தாலும் விடியட்டும் பாப்பம் எண்டு இருக்கக் கூடாது, 1990 க்கு அடியுங்கோ. அந்த அம்புலன்சுக்குக் காசு இல்ல. எங்கட ஒழுங்கையளுக்குப் பேர் இல்லாததால வழி சொல்லுறதிலதான் நேரம் போகும், கிட்ட இருக்கிற சந்தி, கோயில், பள்ளிக்கூடம், எத்தினையாம் கட்டை எண்டதை ஒரு பேப்பரில எழுதிச் சுவரில ஒட்டி வையுங்கோ, பதட்டத்தில பிள்ளையள் அதைப் பாத்துச் சொல்லும்.

மற்றப் பக்கத்து ஆபத்து, மருந்து கூடிப்போய் ரத்தம் நிக்காம ஓடுறது. 10 நிமிசம் அமத்திப் பிடிச்சும் நிக்காத மூக்கு ரத்தம், காரணமில்லாம முரசில ரத்தம், சிவந்த மூத்திரம், கறுத்து ஒட்டுற மாதிரி மலம், அடிபடாமலே பெரிய கண்டல், வழமைக்கு மாறான கடும் தலையிடி, இதெல்லாம் அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போற விசயம். இரும்புச்சத்துக் குளிசை போடுறவைக்கும் மலம் கறுக்கும், ஆனா அதுதான் காரணம் எண்டு நீங்களே முடிவெடுக்காம டொக்டரிட்டச் சொல்லுங்கோ.

தலையில அடிபட்டா வெளியில காயமே இல்லாட்டியும் போக வேணும். மண்டைக்குள்ள மெல்ல மெல்ல ரத்தம் கசிஞ்சு, அண்டைக்கு நல்லாக் கதைச்ச ஆள் அடுத்த நாள் மயங்கலாம். சைக்கிளால விழுந்து எழும்பி, ஒண்டும் இல்லை எண்டு தேத்தண்ணி குடிச்சுப்போட்டுப் படுக்கிறதுதான் பயங்கரம்.

2. துண்டு வெட்டி (வாட்டில இருந்து வீட்ட விட்டு) வெளிக்கிட முதல் கேட்டு வாங்க வேண்டியவை

துண்டு வெட்டினம் எண்டு சொன்ன உடன எல்லாரும் பஸ்ஸைத்தான் யோசிப்பினம். அந்த அரைமணித்தியாலம் பொறுத்து இந்தக் கேள்வியளுக்கு மறுமொழி வாங்கினா பேந்து மாசக்கணக்கில அலைய வேண்டி வராது.

ஐ.என்.ஆர் எவ்வளவுக்குள்ள இருக்க வேணும்? காலில உறைஞ்சவைக்கு வழமையா 2 இல இருந்து 3 வரைக்கும். ரத்தம் உறையிறதுக்கு எடுக்கிற நேரத்தை ஒரு பொது அளவாக்கிச் சொல்லுறதுதான் இந்த இலக்கம். 2 க்குக் கீழ இருந்தா திரும்ப உறையலாம், 3 க்கு மேல போகப் போக ரத்தம் ஓடுற ஆபத்து கூடும். இதய வால்வு மாத்தினவையும் வாபரின் போடுவினம், அவையில சிலருக்கு இலக்கு இன்னும் மேல இருக்கும், அதால பக்கத்து வீட்டுக்காரற்ற கிளினிக் கொப்பியைப் பாத்துப் பயப்பிட வேண்டாம்.

அடுத்த ரத்தச் சோதினை என்ன திகதி, எங்க, எத்தினை மணிக்கு? சின்ன ஆஸ்பத்திரியள் எல்லாத்திலயும் ஐ.என்.ஆர் பாக்க மாட்டினம். கிளிநொச்சியோ முல்லைத்தீவோ வவுனியாவோ, உங்களுக்குப் பஸ் வசதியான இடத்தில எந்தக் கிழமையில எடுக்கினம், ரிப்போட் எப்ப வரும், அதைப் பாத்து அளவை ஆர் சொல்லுவினம் எண்டு கேட்டுக் கொப்பியில எழுதுவியுங்கோ. ரிப்போட்டைச் சொல்லுறதுக்கு ஒரு போன் நம்பரும் வேணும்.

ஏன் உறைஞ்சது? ஒப்பரேசன், கால் முறிஞ்சு மாப்போட்டது, பிள்ளைப்பேறு, கனநாள் படுக்கை, புற்றுநோய், கருத்தடைக் குளிசை, இல்லாட்டிக் காரணமே தெரியேல்ல. எவ்வளவு காலம் குளிசை போட வேணும் எண்டது இந்த மறுமொழியிலதான் தங்கியிருக்கு.

ஸ்கான் ரிப்போட்டின்ர பிரதியும் கையில இருக்க வேணும். பேந்தொரு நாள் கால் திரும்ப வீங்கினா, இது பழசோ புதுசோ எண்டு பாக்கிறதுக்குப் பழைய ஸ்கான் இல்லாட்டி டொக்டருக்கும் கஷ்டம்.

தொடக்கத்தில வயித்தில போடுற ஊசியைப் பற்றியும் சொல்ல வேணும். குளிசை தந்தாச்சுத்தானே இன்னும் ஏன் ஊசி எண்டு சண்டை பிடிச்சுத் துண்டு வெட்டிக்கொண்டு போறவையைப் பாத்திருக்கிறன். வாபரின் வேலை செய்யக் கன நாள் எடுக்கும், அதுவும் முதல் நாளுகளில உறையாம வைச்சிருக்கிற உடம்பின்ர சொந்தப் புரதங்களையும் அது குறைச்சுப்போடும், அந்த இடைவெளியில காப்பாத்துறது ஊசிதான். அதாலதான் குறைஞ்சது 5 நாள், அதோட ஐ.என்.ஆர் 2 ஐத் தாண்டி ஒரு நாள் நிக்கும் வரைக்கும் ரெண்டும் சேந்து போகும். ஊசியை வீட்டில போடச் சொன்னா தொப்புளுக்குக் கிட்டப் போடாம, ஒருநாள் இடப்பக்கம் ஒருநாள் வலப்பக்கம் எண்டு மாறி மாறிப் போடுங்கோ. போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, தேய்ச்சாக் கண்டும்.

3. வீட்ட வந்த அண்டைக்கே செய்ய வேண்டியது

குளிசை போடுற நேரத்தைப் பின்னேரம் 6 மணி எண்டு வையுங்கோ, கோயில் மணியோ ரேடியோச் செய்தியோ ஏதோவொரு அடையாளத்தோட. பின்னேரம் எண்டதுக்குக் காரணம் இருக்கு. காலமை ரத்தம் குடுத்தா மத்தியானம் ரிப்போட் வந்து, அளவை மாத்தச் சொன்னா அண்டைக்கு இரவே மாத்தலாம். காலமையே குளிசையைப் போட்டிட்டு வந்தா ஒரு நாள் வீணாப் போச்சு.

சுவரில தொங்கிற கலண்டரில ஒவ்வொரு நாள் கட்டத்திலயும் அண்டைய மில்லிகிராமை முன்கூட்டியே எழுதுங்கோ, போட்ட உடன வெட்டி விடுங்கோ. திங்கள் 3, செவ்வாய் 4, புதன் 3 எண்டு மாத்தி மாத்தித் தருவினம், அதை மனசில வைச்சிருக்க ஏலாது, நேத்து மூண்டோ நாலோ எண்ட குழப்பத்திலதான் கன பேருக்கு ஐ.என்.ஆர் ஏறி இறங்குது.

1 மில்லிகிராம் குளிசையும் 5 மில்லிகிராம் குளிசையும் ஒரே டப்பாவுக்க போடக் கூடாது. தாற என்வலப்பில இருந்து எடுத்து வேற வேற போத்தலில போட்டு, பெரிய எழுத்தில மில்லிகிராமை ஒட்டுங்கோ. எத்தினை குளிசை எண்டு எண்ணிக் கணக்குச் சொல்லுறது பிழையான பழக்கம். ரெண்டு குளிசை எண்டா ரெண்டு மில்லிகிராமாவும் இருக்கலாம் பத்தாவும் இருக்கலாம்.

நிறத்தையும் நம்ப வேண்டாம், இது எங்கட ஆக்களுக்கு விசேசமாச் சொல்ல வேண்டியது. ஏனெண்டா வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரர் போனில, றோஸ் குளிசையோ போடுறனி எண்டு கேப்பினம். லண்டனில றோஸ் எண்டா 5 மில்லிகிராம், கனடாவில றோஸ் எண்டா 1 மில்லிகிராம். இங்க கொம்பனிக்குக் கொம்பனி வேற நிறம் வரலாம். மருந்து முடிஞ்சு வெளிப் பாமசியில வாங்கினாலும் மட்டையில இருக்கிற இலக்கத்தைத்தான் பாருங்கோ.

ஒரு நேரம் மறந்து போச்செண்டா, அண்டைக்கு இரவுக்குள்ள ஞாபகம் வந்தா போடலாம். அடுத்த நாள்தான் ஞாபகம் வந்ததெண்டா விட்டிடுங்கோ, ரெண்டு நாளுக்குரியதைச் சேத்துப் போடக் கூடாது. கலண்டரில அந்தக் கட்டத்தைச் சுத்தி வட்டம் போடுங்கோ. அடுத்த ஐ.என்.ஆர் குறைஞ்சு வந்தா அந்த வட்டத்தைக் காட்டிச் சொல்லலாம், இல்லாட்டி டொக்டர் குளிசை காணேல்ல எண்டு நினைச்சு அளவைக் கூட்டிப்போடுவார், அடுத்த முறை அது எகிறி நிக்கும்.

சிலருக்கு வாபரின் இல்லாம ரிவரொக்சபான், அபிக்சபான் மாதிரிப் புதுக் குளிசை எழுதுவினம். அதுக்கு ஐ.என்.ஆர் பாக்கத் தேவையில்ல, சாப்பாட்டுக் கட்டுப்பாடும் குறைவு. ஆனா ரெண்டு விசயம் மறக்கக் கூடாது. ஒண்டு, அது ஒரு நாளுக்குள்ளயே உடம்பில இருந்து இறங்கிப்போகும், காசில்லாம ரெண்டு நாள் விட்டாப் பாதுகாப்பே இல்ல, அதால மாசா மாசம் வாங்கக் கட்டுமோ எண்டு தொடங்க முதலே டொக்டரோட ஒளிக்காமக் கதையுங்கோ. மற்றது, முதல் கிழமையளில அளவு கூட, பேந்து குறையும், எப்ப மாத்திறது எண்ட திகதியை எழுதி வாங்குங்கோ. 15, 20 மில்லிகிராம் ரிவரொக்சபானைச் சாப்பாட்டோடதான் போட வேணும், வெறு வயித்தில அது வடிவா உறிஞ்சுப்படாது.

4. ஐ.என்.ஆர் எடுக்கிற நாள்

வெறு வயித்தில போகத் தேவையில்ல. சீனி வருத்தத்துக்கு எடுக்கிற சோதினையோட இதைக் குழப்பி, முதல் பஸ்ஸில பட்டினியா வந்து வரிசையில மயங்கி விழுறவையும் இருக்கினம். வேற சோதினை சேத்து எடுக்கச் சொல்லாட்டிச் சாப்பிட்டிட்டு வாங்கோ.

நீல மூடிக் குழாயில கோடு வரைக்கும் ரத்தம் நிரம்ப வேணும். அதுக்குள்ள உறையாமல் வைக்கிற திரவம் அளவா இருக்கு, ரத்தம் குறைஞ்சா அளவு பிழைச்சு ரிப்போட் பிழையா வரும். வெளி லாப்பில எடுத்தா அதை அண்டைக்கே அனுப்பினமோ எண்டு கேளுங்கோ, வெயிலுக்க வைச்சு இழுபட விடக் கூடாது.

எடுக்கப் போகேக்க கொப்பி, கலண்டர்ப் பக்கம் இல்லாட்டி அதைப் பிடிச்ச போட்டோ, புதுசா ஏதும் மருந்து குடிச்சா அந்த மட்டை, மூண்டையும் கொண்டு போங்கோ.

தொடக்கத்தில அடிக்கடி எடுப்பினம், பேந்து கிழமைக்கொருக்கா, நிலையா நிண்டா மாசத்துக்கொருக்கா, அதுக்கும் மேலயும் தள்ளலாம். அளவை மாத்தினா அதின்ர பலன் தெரிய ரெண்டு மூண்டு நாளாகும், அதால இண்டைக்குக் கூட்டிப்போட்டு நாளைக்கே ஏன் ஏறேல்ல எண்டு தவிக்காதேங்கோ. 5 க்கு மேல வந்தா ரத்தம் ஓடாட்டியும் டொக்டரோட கதைக்காம அடுத்த குளிசை போட வேண்டாம். குறைஞ்சு வந்தாலும் அலட்சியமில்ல. கன பேர் 1.3 எண்டு வந்தா நோமல் ஆக்களுக்குக் கிட்ட வந்திட்டுது, சுகமாயிட்டுது எண்டு சந்தோசப்படினம். உங்களுக்கு அது மருந்து காணேல்ல எண்ட அறிவிப்பு.

5. சாப்பாடு: விலக்கிறதில்ல, ஒரே சீரா வைக்கிறது

வாபரின் வேலை செய்யிறதே விற்றமின் கே யை மறிச்சுத்தான். அந்த விற்றமின் கூட இருக்கிறது பச்சை இலையளில. முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, அகத்தி, முளைக்கீரை, கங்குன், கோவா எல்லாம் அதில அடங்கும். இதைக் கேட்ட உடன வீட்டுக்காரர் செய்யிற பிழை, கீரையை முழுசா நிப்பாட்டுறது. நிப்பாட்டினா ஐ.என்.ஆர் ஏறும், பேந்து ஒருநாள் ஆசைக்குக் கறியும் வறையும் சம்பலும் எண்டு விழுந்து சாப்பிட்டா இறங்கும். வன்னியில கீரைதான் வளவுக்க கிடைக்கிற, காசு குடுக்காத சத்து, அதை ஏன் விடுவான்? கிழமைக்கு மூண்டு நாள் ஒரு கை வறை சாப்பிடுற ஆளெண்டா அதே மூண்டு நாள், அதே ஒரு கை, வருசம் முழுக்க. டொக்டர் குளிசையளவை உங்கட சாப்பாட்டுக்கு ஏத்த மாதிரிப் பிடிச்சுத் தருவார்.

குழம்பிற காலங்கள் ரெண்டு. மழை தொடங்கி இலை தளதளவெண்டு வாற நேரத்தில தினமும் கீரையும் இலைக்கஞ்சியுமாப் போகும். மற்றது விரதம். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமும் எண்டு இருந்தா, சாப்பாடு குறைஞ்சே ஐ.என்.ஆர் ஏறும். விரதம் பிடிக்கிற ஆளெண்டா முதலே கிளினிக்கில சொல்லி, விரதத்துக்க ஒருக்கா ரத்தம் பாக்க ஒழுங்கு செய்யுங்கோ. ஒருநேரச் சோறாவது சாப்பிட்டுப் பிடிக்கிறது நல்லம் எண்டது என்ர எண்ணம், முருகன் அதுக்குக் கோவிக்க மாட்டார். வயித்தோட்டம், சத்தி, சாப்பிட ஏலாத காய்ச்சல் எல்லாத்துக்கும் இதே கணக்குத்தான்.

குடி. கள்ளோ சாராயமோ ஒரேயடியா நிறையக் குடிச்சா ஐ.என்.ஆர் எகிறும், வெறியில விழுந்து தலையில அடிபடுறது அதைவிடப் பெரிய ஆபத்து. தினமும் குடிக்கிறவைக்கு ஈரல் பழுதாகி வேற விதமாக் குழம்பும். குடிக்கிறதை டொக்டரிட்ட மறைக்கிறதுதான் எல்லாத்திலயும் மோசம், ஏனெண்டா அவர் பிழையான கணக்கில அளவு போடுவார்.

6. மற்ற மருந்துகள், எண்ணெய், புக்கை

நாரிப்பிடிப்பு, மூட்டு நோ எண்டு கடையில வாங்கிற டைக்குளோபினாக், இபுபுரோபன், மெபனமிக் அசிற், அஸ்பிரின். இதுகளைத் தொடாதேங்கோ. வயித்தில புண்ணாக்கி, உறையிறதுக்கு உதவுற ரத்தச் சிறுதட்டையும் மறிக்கும், வாபரினோட சேந்தா குடலுக்க ரத்தம் ஓடும். டொக்டர் தெரிஞ்சே அஸ்பிரினும் சேத்து எழுதியிருந்தா அது வேற கதை. நோவுக்குப் பனடோல் போடலாம், ஆனா தினமும் நாலைஞ்சு எண்டு கிழமைக்கணக்கில போனா அதுவும் ஐ.என்.ஆரை ஏத்தும், கிளினிக்கில சொல்லுங்கோ.

அன்ரிபயோற்றிக்கில மெற்றோனிடசோல், கோற்றைமொக்சசோல், சிப்ரோபுளொக்சசின், எரித்ரோமைசின் வகையள், பங்கசுக்குத் தாற புளூக்கொனசோல், வாய்க்குள்ள பூசுற மைக்கொனசோல் ஜெல்கூட வாபரின்ர வேலையைக் கூட்டும். ரிபம்பிசின் சேந்த காசநோய் மருந்தும், வலிப்புக்குத் தாற கார்பமசெபின் மாதிரிச் சிலதும் குறைக்கும். இந்தப் பேரெல்லாம் பாடமாக்க ஏலாது. எந்த மருந்து தொடங்கினாலும், நிப்பாட்டினாலும், மூண்டு நாலு நாளில ஒருக்கா ஐ.என்.ஆர் பாக்கிறது எண்ட ஒரு விதியைப் பிடிச்சாக் காணும்.

நாட்டு மருந்தைப் பற்றி எழுதினாச் சிலருக்குக் கோவம் வரும், ஆனா எழுதத்தான் வேணும். கால் ஒரு பக்கம் வீங்கி நொந்தா எங்கட ஊரில சுளுக்கு, வாதம், நரம்பு பிடிச்சிருக்கு எண்டு சொல்லி எண்ணெய் போட்டு உருவி, புக்கை கட்டி விடுவினம். உறைஞ்ச காலை உருவக் கூடாது, துண்டு கழண்டு போகலாம். கசாயம், சூரணம் குடிக்கிறதெண்டா அதுக்க என்ன இருக்கு, வாபரினை ஏத்துமோ இறக்குமோ எண்டு அளந்து சொல்ல ஏலாது, அதால இந்தக் குளிசை போடுற காலத்தில வேண்டாம். கறிக்குப் போடுற உள்ளி, இஞ்சி, மஞ்சள் பிரச்சினையில்ல, மருந்தா அரைச்சுத் தினமும் குடிக்கிறதுதான் பிரச்சினை.

7. காலைப் பாக்கிறது

படுத்தே கிடக்க வேணும் எண்டு சொந்தக்காரர் சொல்லுவினம். மருந்து தொடங்கி டொக்டர் நடக்கலாம் எண்டு சொன்ன பிறகு நடக்கத்தான் வேணும், கெண்டைக்கால் தசை இறுகி விரிஞ்சாத்தான் ரத்தம் மேல தள்ளுப்படும். இருக்கேக்க காலை ஒரு கதிரையில தூக்கி வையுங்கோ, படுக்கேக்க காலுக்குக் கீழ தலாணி.

இன்னொரு விசயம், குளிசை உறைஞ்சதைக் கரைக்கிறதில்ல. அது மேல மேல வளராம மறிக்குது, கரைக்கிறது உடம்புதான், அதுக்கு மாசங்கள் எடுக்கும், சிலருக்கு முழுசாக் கரையாது. ரெண்டு கிழமையில வீக்கம் வத்தேல்ல, மருந்து பிடிக்கேல்ல எண்டு விட்டிட்டு வேற வைத்தியம் தேடிப் போகாதேங்கோ. கனகாலத்துக்குப் பிறகும் பின்னேரங்களில கால் பாரமா, வீக்கமா, தோல் கறுத்து இருக்கலாம், நாளம் பழுதானதால வாற மிச்சம் அது.

இறுக்கமான ஸ்ரொக்கிங் அந்தப் பாரத்தையும் வீக்கத்தையும் குறைக்கும். டொக்டர் சொன்னா மட்டும் வாங்குங்கோ, சீனி வருத்தக்காரருக்கும் காலுக்கு ரத்தம் போறது குறைஞ்சவைக்கும் அது கெடுதல் செய்யலாம். அளவெடுக்கிறது காலமை, வீக்கம் ஏற முதல். எங்கட வெக்கைக்குப் போட்டிருக்கிறது கஷ்டம்தான், ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லேல்ல.

போரில காலில செல் பட்டவை, ஒரு காலை இழந்து மற்றக் காலில பாரம் முழுக்கத் தாங்கிறவை, இவையளுக்கு ஒண்டு. வீக்கம், நோ எண்டதைப் பழைய காயம் எண்டு தள்ளிவிடப் பழகிப்போயிருப்பியள். வழமையான நோ எப்பிடி இருக்கும் எண்டு உங்களுக்கு நல்லாத் தெரியும், அது இல்லாத ஒரு புது இறுக்கம், சூடு, ஒரே நாளில ஏறின வீக்கம் எண்டா காட்டத்தான் வேணும்.

8. வயல், பாம்பு, காய்ச்சல்

வயலுக்குப் போகலாம். சப்பாத்தும் கையுறையும் போடுங்கோ, அரிவு வெட்டேக்க கத்தி பட்டா சுத்தமான துணியால 10 நிமிசம் இடையில எடுத்துப் பாக்காமல் அமத்திப் பிடியுங்கோ, எடுத்து எடுத்துப் பாத்தா உறையத் தொடங்கினது குழம்பிப்போகும். மரம் ஏற வேண்டாம், பனையோ தென்னையோ. மோட்டர்சைக்கிளில பின்னால இருந்தாலும் ஹெல்மெற்.

பாம்புதான் வன்னியில மற்ற எல்லாத்தையும் விடப் பெரிய சிக்கல். புடையன் விசம் ரத்தத்தை உறையாமல் ஆக்கும். கடிச்சவருக்கு விசம் ஏறிச்சோ எண்டு பாக்க ஆஸ்பத்திரியில ரத்தம் உறையுதோ, ஐ.என்.ஆர் எவ்வளவு எண்டுதான் பாப்பினம். வாபரின் போடுறவருக்கு அது ஏற்கனவே கூட, அதால போன உடனயே வாபரின் போடுறன் எண்டு சொல்லி, கொப்பியில இருக்கிற கடைசி ஐ.என்.ஆரைக் காட்டுங்கோ, அதோட ஒப்பிட்டுத்தான் அவை முடிவெடுக்கலாம். கயிறு கட்டுறது, கீறுறது, விசகடி வைத்தியரிட்ட முதல்ல போறது ஒண்டும் வேண்டாம். உங்களுக்குக் கீறினா ரத்தம் நிக்காது.

காய்ச்சலும் அப்பிடித்தான். டெங்கு எண்டா ரத்தச் சிறுதட்டு இறங்கும், எலிக்காய்ச்சல்லயும் ரத்தம் ஓடலாம். மூண்டு நாள் பொறுத்துப் பாப்பம் எண்ட கதை மற்றவைக்கு, நீங்கள் முதல் நாளே காட்டுங்கோ. காலபோகத்துக்கு வயலுக்கு இறங்க முதல் எலிக்காய்ச்சல் வராமல் டொக்சிசைக்ளின் குடுப்பினம், அதுவும் வாபரினைக் கூட்டலாம். வேண்டாம் எண்டு நீங்களா மறுக்காதேங்கோ, எலிக்காய்ச்சலும் உயிரைக் குடிக்கும். குடுக்கிற உத்தியோகத்தரிட்டயும் கிளினிக்கிலயும் சொல்லி ரத்தம் பாத்துக்கொண்டு போடுங்கோ.

9. பயணமும் மாரியும்

கொழும்புக்கு இரவு பஸ் எண்டா எட்டொன்பது மணித்தியாலம் மடக்கின காலோட. நடைபாதைப் பக்கச் சீற் எடுங்கோ, பாதத்தை மேலயும் கீழயும் அடிக்கடி ஆட்டுங்கோ, பஸ் நிக்கிற இடத்தில இறங்கி நடவுங்கோ. வழியில இறங்கேலாது எண்டு தண்ணி குடிக்காம வாறது பெண்களிட்ட கூட, அது நல்லமில்ல. குளிசை கையில கொண்டுபோற பையுக்க, பஸ்ஸுக்குக் கீழ போற பையுக்க இல்ல.

அடையாள அட்டையோட சேத்து ஒரு துண்டு வைச்சிருங்கோ, வாபரின் போடுறன், இன்ன காரணம், இன்ன கிளினிக் எண்டு தமிழ், சிங்களம், இங்கிலிஷ் மூண்டிலயும் எழுதி. மயங்கிக் கிடந்தா உங்களுக்காகக் கதைக்கிறது அந்தத் துண்டுதான்.

கார்த்திகை, மார்கழியில பாதையள் மூடும். 2018 டிசம்பரில இரணைமடு வான்கதவு திறந்து கிளிநொச்சியிலயும் முல்லைத்தீவிலயும் ஊர் ஊரா வெள்ளம் நிண்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஐப்பசிக் கிளினிக்கிலயே சொல்லி ரெண்டு கிழமைக்கு மேலதிகமாக் குளிசை கேளுங்கோ, முகாமுக்கு ஓட வேண்டி வந்தா எடுக்கிற பொலித்தீன் பையுக்க குளிசையும் கொப்பியும் இருக்கட்டும்.

10. பெண்களுக்கு

வாபரின் போடேக்க கர்ப்பம் தங்கினா முதல் மூண்டு மாசத்தில பிள்ளைக்கு அங்கக் குறை வரலாம். நாள் தள்ளிப் போனா ரெண்டு மூண்டு நாளுக்குள்ள சோதிச்சுப்போட்டுக் கிளினிக்குக்கு ஓடுங்கோ, ஊசிக்கு மாத்துவினம், அந்த ஊசி பிள்ளைக்குப் போகாது. பிள்ளை வேணும் எண்டு யோசிச்சா முதலே சொல்லுறது இன்னும் நல்லம். பிள்ளை பிறந்த பிறகு வாபரின் போட்டுக்கொண்டு பால் குடுக்கலாம், குடுக்கக் கூடாது எண்டு மாமியார் சொன்னாலும்.

ஈஸ்ரஜன் சேந்த கருத்தடைக் குளிசை உங்களுக்கு ஆகாது, அது ரத்தம் உறையிறதைக் கூட்டும். காலில உறைஞ்சதை மிட்வைப் மிஸ்ஸிட்டச் சொல்லி வேற முறை கேளுங்கோ. மாதத்தீட்டு கூடப் போகும், துணி நனையிற அளவு மாறினாச் சொல்ல வெக்கப்பட வேண்டாம், ரத்தசோகை வந்து மூச்சு வாங்கினா அது நுரையீரல் அடைப்போ எண்டு பயந்து அலைய வேண்டி வரும்.

11. பல்லு, ஊசி, ஒப்பரேசன்

பல்லுப் பிடுங்கப் போக நாலு நாள் முதல் தாங்களே வாபரினை விட்டிட்டுப் போறவை இருக்கினம். அந்த நாலு நாளில திரும்ப உறையலாம். பல் டொக்டரிட்ட முதல்ல சொன்னா, கிட்டடி ஐ.என்.ஆரைப் பாத்து, கன நேரங்களில நிப்பாட்டாமலே பிடுங்கி, தையல் போட்டு அமத்தி விடுவினம். பெரிய ஒப்பரேசன் எண்டா எப்ப நிப்பாட்டி எப்ப தொடங்கிறது எண்ட திகதிகளை எழுதி வாங்குங்கோ. நிப்பாட்டச் சொன்னதை எல்லாரும் கேப்பினம், திரும்பத் தொடங்கிற நாளைத்தான் கேக்க மறக்கினம்.

தசைக்க போடுற ஊசி, குறிப்பா நோவுக்குக் குண்டியில போடுறது, உள்ளுக்க ரத்தம் கட்ட வைக்கும். ஓ.பி.டியிலயும் பிரைவேற் கிளினிக்கிலயும் ஊசியை எடுக்க முதலே சொல்லுங்கோ.

12. நிப்பாட்டுறது

குளிசை போட வேண்டிய காலம் குறைஞ்சது 3 மாசம். ஒப்பரேசன், மாப்போட்டது மாதிரி ஒரு தற்காலிகக் காரணத்தால வந்ததெண்டா அதோட நிப்பாட்டலாம். காரணமில்லாம வந்தது, ரெண்டாந்தரம் வந்தது, புற்றுநோயோட வந்தது எண்டா கனகாலம், சிலருக்கு ஆயுள் முழுக்க. வீக்கம் வத்தினதைப் பாத்து நீங்களா நிப்பாட்டுறதுக்கும் டொக்டர் பாத்து நிப்பாட்டுறதுக்கும் கன வித்தியாசம் இருக்கு.

நிப்பாட்டின பிறகும் ஒருக்கா உறைஞ்ச ஆள் எண்டது மாறாது. பேந்தெப்ப வாட்டில படுத்தாலும், ஒப்பரேசன் எண்டாலும், கால் முறிஞ்சாலும், பிள்ளை தங்கினாலும் முதல் நாளே அதைச் சொல்லுங்கோ, உறையாமல் இருக்க ஊசி தர வேணுமோ எண்டு அவை பாப்பினம். ஒண்டுக்கொண்டு வித்தியாசமா ஒரு கால் வீங்கினா அண்டைக்கே போய்க் காட்டுங்கோ.

மிஞ்சின வாபரினை வீட்டில வைச்சிருக்க வேண்டாம். பேரப்பிள்ளை எடுத்து வாயில போடும், இல்லாட்டி ஆரும் கால் வீங்கினா, நான் போட்டனான், நல்ல குளிசை எண்டு குடுக்கத் தோணும். எண்ணிப் பாத்து அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோய் பாமசியில குடுங்கோ.